பேபியக்காவின் இன்னொரு ஆறு மாதம்

பேபியக்கா அமெரிக்கா போனபோது நூம்பலில் எங்கள் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதுபோல் ஆடியது. போனவள் ஒருத்தி, அலட்டிக்கொண்டது மொத்தத் தெரு. அவள் புருஷன் உலகநாதன் அண்ணன் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, பத்து வருஷ விசா குத்திக் கொடுத்துவிட்டான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றினார். பத்து வருஷம் அங்கேயே இருக்கலாம் போலிருக்கிறது என்று கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அண்ணனும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். ஜாக்கெட் தைப்பது என் தொழில். ஷர்மிளாவுக்குக் கத்தரிக்கோல் கையில் இல்லை, வாயில் இருக்கிறது என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன. பேபியக்காவை எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் தெருவில் எவளுக்கும் தெரியாது.

அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்த்தவள். விடிவதற்கு முன் எழுந்து வீட்டுக்குச் சமைப்பாள். அப்புறம் பள்ளிக்கூடம் போய் அண்டா அண்டாவாகப் பிள்ளைகளுக்குச் சமைப்பாள். திரும்பி வந்து ராத்திரிக்கு மறுபடி அடுப்பு. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே கிடையாது. சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி, சட்டியில் ஒட்டியிருக்கிற சோற்றில் குழம்பை ஊற்றி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். அண்ணன் கூடத்திலிருந்து தண்ணீர் கேட்பார். அந்த நாலு வாயையும் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடம் உங்கள் பக்கத்தில்தானே அண்ணே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அக்காதான் என்னை முறைத்தாள்.

மகன் சந்தோஷ் டாலஸில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் காவ்யா முகப்பேர்ப் பெண், தாயில்லாதவள். அவளுக்குப் பிள்ளைப்பேறு என்றதும் பார்த்துக்கொள்ள பேபியக்காதான் போயாக வேண்டும் என்று ஆயிற்று. போனாள், பேரன் பிறந்தான், படம் படமாக வந்தது. அதற்குள் இங்கே மகள் கவிப்பிரியாவும் முழுகாமல் இருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த இடம் பூந்தமல்லி. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் சட்டம் மாதிரி. அம்மா ஆறு மாதத்தில் வந்துவிடுவாள், பிரசவத்துக்கு ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் அந்தப் பெண் இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சந்தோஷ் அப்பாவுக்கு போன் போட்டான். அம்மா திரும்பி ஊருக்கு வந்துவிடுவாள் என்று இங்கே விசா ஆபீசில் காட்ட வேண்டும், வீட்டு வரி ரசீதையும் பென்ஷன் பேப்பரையும் போட்டோ எடுத்து அனுப்பு என்றான். அண்ணன் காதில் திரும்பி வருவது மட்டும்தான் விழுந்தது. போட்டோ எடுத்து அனுப்பிய கையோடு, என் பொண்டாட்டி வருகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பூந்தமல்லிக்கும் போன் பறந்தது. வளைகாப்புக்கு நாள் குறிக்க கவிப்பிரியாவின் மாமியார் பொன்னம்மாள் தட்டு, பழம், பூவோடு வந்து இறங்கிவிட்டாள். கவிப்பிரியாவும் கூட வந்திருந்தாள். காபி போட ஆள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள்.

அக்காவிடமே வருகிற தேதியைக் கேட்டுவிடலாம் என்று அண்ணன் வீடியோ கால் போட்டு, போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார். சந்தோஷ்தான் எடுத்தான். அம்மா என்றைக்குக் கிளம்புகிறாள் என்று கேட்டதும் பையன் முழித்தான். பிறகு மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னான். பத்து வருஷ விசா என்பது வாசலைத் திறந்து உள்ளே விடத்தானாம். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஏர்போர்ட்டில் இருக்கிறவன்தான் சொல்வானாம். அவன் கொடுத்தது ஆறு மாதம். அது முடிவதற்குள் காரணம் சொல்லி விண்ணப்பம் போட்டால் இன்னும் ஆறு மாதம் கேட்கலாம். பதில் வரும்வரை அங்கேயே இருக்கலாம், திருட்டுத்தனம் எதுவும் இல்லை. ஆனால் ஊரில் வீடு இருக்கிறது, புருஷன் இருக்கிறார், அம்மா கட்டாயம் திரும்பிப் போய்விடுவாள் என்று அத்தாட்சி காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த ரசீதும் பேப்பரும்.

வருவதற்கு என்று நினைத்து அண்ணன் அனுப்பியதெல்லாம் வராமல் இருப்பதற்குப் போயிருந்தது. சம்பந்தி எதிரில் மனுஷனுக்கு முகம் செத்துப்போனது.

பொன்னம்மாள் விடுவாளா? பிள்ளை பார்க்கிற ஆயாவுக்கு அங்கே சம்பளம் கொடுத்து மாளாதாம், சம்பந்தியம்மாவை வைத்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள் என்று குத்தலாகச் சொன்னாள். அண்ணனுக்கு அவமானம் ஆத்திரமாகத் திரும்பியது. உன் பொண்டாட்டி என் பொண்டாட்டியை வேலைக்காரி ஆக்கிவிட்டாளா என்று மகனைப் பார்த்துக் கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை. படித்த பெண்ணுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று என் பங்குக்கு ஒரு வெட்டு வெட்டினேன். சந்தோஷின் தோளுக்குப் பின்னால் காவ்யா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் பேபியக்கா வந்து போனைக் கையில் வாங்கினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கிற கருப்பைக் காணோம். அதையெல்லாம் அப்போதுதான் நான் கவனித்தேன்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. அவ இன்னா பண்ணுவா பாவம். இன்னும் ஆறு மாசத்துக்கு எழுதிப் போடுடான்னு சந்தோசாண்ட கேட்டதே நான்தான்."

அண்ணன்தான், "இன்னாத்துக்குடி?" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திருடிப் பிடிபட்டவள்கூட அவ்வளவு கூச மாட்டாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"இங்க தூக்கம் வருதுங்க," என்றாள். "காத்தால அந்தப் பொண்ணு தட்டுல போட்டுக் குடுத்து, ஒக்காந்து துண்ணுங்க அத்தேன்னு சொல்லுது. நானும் ஒக்காந்து துண்றேன்."

நான் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, அக்காவை நினைத்து இல்லை, எங்களை நினைத்து. பொன்னம்மாள் மட்டும், நல்லா இருக்கே நியாயம், பெண்ணைப் பெற்றவளுக்குத் தூக்கம் ஒரு கேடா என்று முணுமுணுத்தாள். கவிப்பிரியா போன் பக்கம் குனிந்தாள்.

"அப்போ எனக்கு யாரும்மா?"

ஏழு மாத வயிற்றோடு பெற்ற மகள் கேட்கிறாள். அக்கா அங்கே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எங்களுக்கு இருட்டு மட்டும்தான் தெரிந்தது. மறுநாளே சந்தோஷ் கூப்பிட்டு, அம்மா டிக்கெட் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறாள், காவ்யா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்றான்.

ஏர்போர்ட்டுக்கு அண்ணனோடு நானும் போனேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் காரைப் பார்த்து நடந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்படிக்குப் போனாள். வளைகாப்பை ஊர் மெச்ச நடத்தினாள். கவிப்பிரியாவை வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. எண்ணெய் தேய்ப்பதும், சாம்பிராணி போடுவதும், பூண்டுக் குழம்பும், பீத்துணி அலசுவதும் எல்லாம் அவள் ஒருத்திதான். உலகநாதன் அண்ணனுக்கு உறைத்திருந்தது. குடத்திலிருந்து தானே தண்ணீர் மொண்டு குடித்தார், ஒருநாள் காபியைப் போடுகிறேன் என்று பாலைப் பொங்கவிட்டார். தள்ளுங்க என்று அக்கா அவரையும் ஒதுக்கிவிட்டு, யாரோ துரத்துவதுபோல் வேலை செய்தாள். அமெரிக்கா எப்படி இருந்தது என்று தெருவில் எவளாவது கேட்டால், அது கிடக்கிறது போ என்று நகர்ந்துவிடுவாள். பெண் பிரசவத்தை விட்டுவிட்டு அங்கே தூங்கக் கேட்டவள் என்று பொன்னம்மாள் அவள் காதுபடவே நாலு பேரிடம் சொன்னாள். நான் சண்டைக்குப் போனேன். அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டாள். "அவங்க சொல்றதுல இன்னா தப்பு?" என்றாள்.

குழந்தைக்குப் பெயர் வைத்து முடித்த சமயம். ஒரு மத்தியானம் நான் குழந்தைக்குச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சந்தோஷ் போனில் இருந்தான். அக்கா கிளம்புவதற்கு முன்பே எழுதிப் போட்டிருந்த அந்த ஆறு மாதத்துக்கு அனுமதி கிடைத்துக் கடிதம் வந்திருக்கிறதாம். ஆள் ஊருக்கு வந்த சங்கதி அந்த ஆபீசுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. பாவி, அதை ஏதோ தமாஷாகச் சொன்னான். பேபியக்கா சிரிக்கவில்லை. சரிப்பா என்று போனை வைத்துவிட்டு, மடித்த துணிகளையே உதறி மறுபடி மடித்தாள்.

கட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்த கவிப்பிரியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அங்கியே இருந்திருக்கலாம்மா. நான்தான் அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டுட்டேன்."

"இருந்துட்டு? அப்பறம் உன் மூஞ்சில எப்டிடி முழிப்பேன்?"

"இப்ப மட்டும் முழிக்கிறியாம்மா? வந்ததுலேந்து ஒரு வாட்டி கூட நீ என்ன நேரா பாக்கல."

பேபியக்கா நிமிர்ந்தாள். மகள் முகத்துக்கு வந்த பார்வை அங்கே நிற்கவில்லை. குழந்தையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, கையிலிருந்த துணிக்கே போய்விட்டது. "அடுப்புல பால் வெச்சிக்கிறேன்டி, பொங்கிடப் போவுது," என்று எழுந்து உள்ளே ஓடினாள்.

நான் அந்த அடுப்படி வழியாகத்தான் வந்திருந்தேன். அடுப்பு அணைந்து கிடந்தது, மேலே பாத்திரம்கூட இல்லை. கவிப்பிரியாவிடம் நான் அதைச் சொல்லவில்லை.