சுவரைப் பார்த்த மேசை

மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தால் போதும். மஞ்சளுக்கு அடியிலிருந்து அச்சு மையின் வாசம் எழும்பும்; என் கால்கள் தாமாகவே நடக்கத் தொடங்கிவிடும்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டாயிரம் பிறந்த புதிது. பத்திரிகை அச்சடிக்கும் கடையில் வாழ்த்து வரிகள் எழுதுவது என் வேலை. உட்கார்ந்தால் எனக்கு வரி வராது. நடந்தால் வரும், டீக்கடை வரை போய்த் திரும்பினால் கூடுதலாகவே வரும். மற்ற கடைகளில் இதற்காகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த முதலாளி என் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டார்.

"நட அப்பு. நீ உக்காரலைன்னு நாற்காலி அழவா போகுது?"

அந்த வருடம் தாடிக்கொம்பிலிருந்து ஒரு பெண் டிசைன் வேலைக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் அவள் வரைந்த கொடிகளைப் பார்த்தால் பந்தல் போடத் தோன்றும். ஆனால் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பேசினால் அவள் கை நின்றுவிடும். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாள். முந்தைய கடையில் அதைத் திமிர் என்றார்களாம்.

"இங்கயும் சரிப்படலேன்னா எங்கப்பா நூல் மில்லுல சேத்துவிட்டுருவாரு," என்றாள் முதல் நாளே. அந்த மில்லின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. முதலாளி அவள் மேசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். கிர்ரென்று இரைந்த டியூப்லைட்டைக் கழற்றினார்.

தை முகூர்த்தம் நெருங்கியது. கன்னிவாடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடே வேனில் வந்து இறங்கியது. இறங்கிய வேகத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் மொய்த்துக்கொண்டது.

"தாய்மாமன் பேரு மேல வரணும்!"

"அப்ப பெரியப்பாவ எங்க போடுறது, அட்டைக்குப் பின்னாடியா?"

"பிள்ளையாரு என்ன இம்புட்டு மெலிஞ்சிருக்காரு?"

எல்லா விரல்களும் திரையில். அவள் காதைப் பொத்தினாள். திரையை அணைத்தாள். எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"ஏன், நாங்க பேசுறது பிள்ளைக்குப் புடிக்கலையோ?" என்று மீசையைத் தடவினார் தாய்மாமன்.

"ஒரு நேரத்துல ஒரு குரல்தான் பிள்ளைக்கு ஆகும். அம்புட்டுத்தான்," என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏலே, சும்மாதான நடக்குற? இவுக சொல்றத சொமந்துக்கிட்டு நட."

அந்தக் கடை இருந்தவரை நாங்கள் விடாத முறை அப்படித்தான் பிறந்தது. குடும்பம் வாசலில், என் நாற்காலியில் தாய்மாமன். ஒரு திருத்தத்தை வாங்கி உள்ளே போவேன். தாழ்ந்த குரலில் சொல்வேன். பை தோளில் தொங்க, அவள் உட்கார்ந்து மாற்றுவாள். அச்சுத்தாளோடு வெளியே ஓடுவேன். என் கால்களுக்குத் திருவிழா! நடக்க நடக்க வாழ்த்தும் ஊறியது. ஒரு தடவை திருத்தத்தை மறந்துவிட்டு, "நிலவைத் தேடி வந்த நெல்வயலே," என்றேன்.

"இது யாரு, சித்தப்பாவா?" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

கடைசியாக ஒருவர், "எடமில்லேன்னா கீழ ஏதாச்சும் ஒரு வரிய எடுத்துட்டு பெரியப்பாவப் போடச் சொல்லுங்க," என்றார். சுமந்துபோய்ச் சொன்னேன். வெளியே தாளைக் காட்டியதும் மாமன்களும் சித்தப்பாக்களும் தத்தம் பெயரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அதுவரை வேனோரம் வாயே திறக்காமல் நின்ற மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"எம் பேரக் காணோமே?"

சந்தே சிரித்தது. தாய்மாமன் சிரித்த சிரிப்பில் என் நாற்காலி ஆடியது. உள்ளே ஓடிச் சொன்னேன்.

"ஒரு வரிய எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன்," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து பத்திரிகையில் உட்காரவைத்தாள். பிறகு தோளிலிருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முதலாளி அந்த ஆணியையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் கிளம்பும்போது தாய்மாமன் மட்டும் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார். அந்தப் பெரிய குரலைச் சுருக்கிக்கொண்டார்.

"ஒன்னே ஒன்னு தாயி. கல்யாணத்துக்கு வந்துரு."

"பந்தியில ஒரே சத்தமா இருக்குமே," என்றாள் சுவரிடம்.

அவர் யோசித்தார்.

"அப்ப கடைசிப் பந்திக்கு வா தாயி. நானே சத்தமில்லாம பரிமாறுறேன்."