பேத்திக்காக அடைத்த வீடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டில் உள்ள அத்தனை பேரும் தெருவில் நின்று இருமிக்கொண்டிருந்தோம். மகள் கையில் ஒரு மாதக் குழந்தை. மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்தா ஆட்டோவில் வந்து இறங்க வேண்டும் எங்கள் சம்பந்தியம்மா?

இந்தக் காட்சி நடக்கக் கூடாது என்றுதான் ஒரு வாரமாகப் பாடுபட்டேன்!

மகள் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருக்கிறாள். தை பிறந்த பிறகு பேத்தியோடு புளியங்குடியில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. திடீரென்று சம்பந்தியம்மாவிடமிருந்து போன். மதினி என்றுதான் நான் அவரை அழைப்பது.

"அண்ணாச்சி, உங்க வீடு நாலு பக்கமும் காத்து வார வீடு. பச்சப் பிள்ளைக்கு வாடை ஆகாது. ஞாயித்துக்கெழம வந்து பாக்கேன். சரியில்லன்னா அன்னைக்கே கூட்டிட்டு வந்துருதேன்."

மனைவி முகம் வாடிப்போனது. என் முகத்தை நான் பார்க்கவில்லை.

சங்கரன்கோவிலில் குளிரா என்று வெளியூர் வாசகர்கள் சிரிப்பீர்கள். வெயிலுக்குப் பயந்து, காற்று வரட்டும் என்றே வீடு கட்டுகிற ஊர் இது. குளிருக்கு வீட்டைத் தயார் செய்ய எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி... அடைப்பது.

அடைத்தேன். ஹாலில் இருந்த சிமெண்ட் ஜாலிக்கு அளவெடுத்து வெட்டிய அட்டை. ஜன்னல் இடுக்குகளுக்கு டேப். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பாலிதீன் கவர். கதவுக்கடியில் சுருட்டிய பழைய சேலை. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி மூலை மூலையாகச் சோதித்தேன். புகை நேராக நின்றது. ஆகா, என்ன ஒரு நிம்மதி!

அந்தப் புகை எங்கே போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். தலை துவட்டியதும் சாம்பிராணி போடுவதுதானே வழக்கம்? சம்பந்தி வருகிற நாளாயிற்றே என்று மனைவி சிரட்டைக் கங்கில் இரண்டு கை கூடுதலாகவே அள்ளிப் போட்டாள். கண் இமைப்பதற்குள் எதிரே இருந்த டிவி மறைந்தது. பிறகு மனைவியே மறைந்தாள்.

"அப்பா, கதவத் தெறங்க!" என்று கத்தியபடி மகள் குழந்தையைத் துண்டில் பொதிந்து வெளியே ஓடினாள். பின்னாலேயே நாங்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய மதினி, எங்களைப் பார்த்தார். வாசல் வழியாகத் திரண்டு வரும் புகையைப் பார்த்தார். உள்ளே எட்டி, ஜாலியில் ஒட்டியிருந்த அட்டையையும் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி... வாழத்தாரா பழுக்க வைக்கிய?"

மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. "காத்து வருதுன்னு சொன்னீங்கள்லா மதினி... அதான் இவுக ஒரு வாரமா..." மேலே பேச முடியாமல் இருமினாள்.

மதினி குழந்தையை வாங்கினார். குளிர்ந்த காற்று கன்னத்தில் பட, இருமல் இல்லை, அழுகை இல்லை. வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனாள் என் பேத்தி.

"கள்ளி! வாடை இவளுக்குல்லா தாலாட்டு பாடுது" என்று மதினி சிரித்தார். அந்தச் சிரிப்பு மகளைத் தொற்றி, மனைவியைத் தொற்றி, எதிர்வீட்டு மாடி வரைக்கும் போனது.

"பிள்ள தை வரைக்கும் இங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி. இவ்வளவு பயப்படுத தாத்தா எங்க வீட்ல இல்ல."

தைரியத்துக்குப் பரிசு வாங்கியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பயத்துக்கு வாங்கியவன் நான் ஒருவன்தான்!