கரகரப்பு போன மிக்ஸர்

நானும் கணவரும் கண்டியில் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறோம். வேன் ஓட்டுவதும் வயர் இழுப்பதும் அவர். சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்காருவது நான்.

பன்வில தேயிலைத் தோட்டக் கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் மிக்ஸர் மக்கர் பண்ணியது. வொலியூம் பட்டனை மேலே தள்ளினால் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம். கணவர் வேன் கதவுக்கு அடிக்கிற துரு நீக்கும் ஸ்ப்ரேயை எடுத்து உள்ளே அடித்தார். சத்தம் நின்றது. இரண்டு நாளில் அந்த எண்ணெயில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசமாகிவிட்டது.

டவுனுக்குப் போனேன். எலக்ட்ரோனிக் சாமான் கடைக்கார நானா, சுத்தம் செய்கிற ஸ்ப்ரே மருந்து டின்கள் இரண்டை எடுத்து வைத்தார்.

"தங்கச்சி, இது அடிச்ச கையோட காஞ்சிரும், ஒண்ணும் மிஞ்சாது. மத்தது லேசா வழுவழுப்ப விட்டுட்டுப் போகும்."

"வொலியூமுக்கு எது?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

இரண்டையும் வாங்கிவந்து, வீட்டில் கிடந்த உடைந்த மிக்ஸரில் அடித்துப் பார்த்தேன். காய்கிற மருந்து சுவிட்சுகளைப் புதுசு போல ஆக்கியது. வொலியூம் பட்டனிலோ, இருந்த வழுவழுப்பையும் சேர்த்துக் கழுவிவிட்டதால், தள்ளும்போது மணலில் இழுப்பது போல் இருந்தது. அதிலேயே மற்றதை ஒரு சொட்டு விட்டேன். வெண்ணெயாக நகர்ந்தது.

நல்ல மிக்ஸரை நான் திறந்தபோது கணவர் பக்கத்திலேயே நின்றார்.

"இருக்கிறதும் போயிட்டா திருவிழாவுக்கு என்ன பண்றது?"

"போகாதுங்க. பார்த்துட்டுத்தான் செய்றேன்."

கரண்டைக் கழற்றிவிட்டு, காய்கிற மருந்தால் பழைய எண்ணெயைக் கழுவினேன். நன்றாகக் காயவிட்டு, வொலியூம் பட்டன்களுக்கு மட்டும் மற்ற மருந்தை விட்டேன்.

திருவிழா அன்று பாட வந்த அக்கா மிக மெல்லிய குரலில் தொடங்கினார். பட்டனை மெதுவாக மேலே தள்ளினேன். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. அவர் குரல் மட்டும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசைகளைத் தாண்டிப் போனது. பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் கேட்டார்கள்.

அங்கே வந்திருந்த கலகெதர ஊர்ச் சவுண்ட்காரர் ஒருவர் கணவரிடம் கேட்டார், "புது மிக்ஸரா வாங்கிட்டீங்க?"

"பழசுதாங்க. வீட்டுக்காரி சரிபண்ணுனது" என்றார், ஊருக்கே கேட்கிற மாதிரி.

அடுத்த வாரம் அந்தச் சவுண்ட்காரர் தன் ஆம்பிளிஃபையரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "கோளாறு சுவிட்சுலயா, வொலியூம்லயா?" என்று கேட்டேன்.