அனுமதி கேட்ட போன்

இது கட்டுக்கதை இல்லை. கட்டுவதென்றால் பாழடைந்த மாளிகை ஒன்றையாவது தேடிப் பிடித்திருக்கலாம். இது நடந்தது லண்டன் மோர்டனில், ஒரு சாதாரண வீட்டின் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் ஒடுங்கிய அறையில், பின்னேரம் நாலரை மணிக்கு. டிசம்பரில் அந்த நேரத்துக்கே அங்கே நன்றாக இருட்டிவிடும். பேய்களுக்கு வசதியான நாடு.

அந்த அறைதான் கலாவதியின் வீட்டுச் சாமியறை. பிள்ளையார், முருகன், லட்சுமி, அவர்களுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. கலாவதியின் மகன் கீர்த்தனன், பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், அதை அங்கே கொண்டுவந்து வைத்தவன். வேறு எங்கும் பிளக் மிச்சமில்லை. வீட்டிலுள்ளவர்களின் போன்கள் சார்ஜில் கிடக்கும்போது, அவற்றிலுள்ள படங்களும் மெசேஜுகளும் வைஃபை வழியாகத் தாமாகவே அந்தப் பெட்டிக்குள் நகலாகிவிடும். போன் தொலைந்தாலும் படங்கள் தொலையாது. புதுப் போன் ஏதும் சேர வந்தால், வீட்டுக்காரி என்ற மரியாதைக்கு, கலாவதியின் போனுக்கு அனுமதி கேட்டு மெசேஜ் போகும். வெள்ளிக்கிழமைகளில் கலாவதி பெட்டிக்கும் விபூதி பூசினார். விசிறிக்குள் தூள் போகும் என்று மகன் சொல்லிப் பார்த்தான். விபூதி வேண்டாத பெட்டிக்கு அந்த அறையில் இடமில்லை என்று பதில் வந்தது.

மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த பெர்னடெற்றின் போனும் அந்தப் பெட்டியில் சேர்ந்திருந்தது. அந்த வியாழக்கிழமை அதுதான் விஷயம்.

பெர்னடெற்றுக்கு அகதி வழக்கு. ஊரில் அவருக்கு நடந்ததற்குச் சாட்சி அவருடைய போனிலிருந்த படங்கள் மட்டும்தான். முதல் நாள் பஸ்ஸில் யாரோ போனைக் களவெடுத்துவிட்டார்கள். படங்களை யூ.எஸ்.பி. ஸ்டிக்கில் போட்டு ஐந்தரைக்குள் டூட்டிங் அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் லோயர். அதோடு தவணை முடிகிறது. பெர்னடெற் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் மிஞ்சியிருந்தது பெட்டிக்குள் இருந்த அந்த ஒரு நகல்.

கீர்த்தனன் சாமியறைக்குள் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஸ்டிக்கைச் செருகி, நகலெடுக்கத் தொடங்கினான். இருபத்தைந்து நிமிடம் என்றது திரை. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

அப்போதுதான் பட்டியலைக் கவனித்தான். அம்மா. தங்கச்சி. பெர்னடெற் அக்கா. அவனுடையது. ஐந்தாவதாக இன்னொரு போன்... பெயர் இல்லை.

அது நகலாகிக்கொண்டிருந்தது. அதாவது, அந்த வீட்டுக்குள் எங்கோ, அந்த நிமிடம், ஒரு போன் சார்ஜில் கிடந்தது.

டிஸ்கில் இடம் முடியப்போகிறது. முடிந்தால், பெட்டியோடு தொடர்பில்லாமல் அதிக நேரமான போனின் நகலை அழித்து இடம் கொடுக்கும்படி அமைத்து வைத்தவன் கீர்த்தனன்தான். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இப்போது அழிய இருந்தது களவுபோன போனின் நகல். அமைப்பை மாற்றப் பெட்டியை நிறுத்த வேண்டும். அந்தப் பழைய டிஸ்க் நிறுத்தினால் மறுபடி எழும்புமா என்பது பக்கத்திலிருந்த பிள்ளையாருக்கே வெளிச்சம்.

அம்மாவுக்கு அழைத்தான். கலாவதி ஹீத்ரோவில் வேலையில் இருந்தார்.

“அம்மா, பெட்டியில புதுசா ஒரு போன் நிக்குது. ஆற்ர?”

“ஓ, அதோ. உள்ள விடட்டோ எண்டு மூண்டு நாளாக் கேட்டுக்கொண்டிருந்தது. இண்டைக்குக் காலமை ஓமெண்டு அமத்தினன்.”

“ஆரெண்டு தெரியாமலோ?”

“வாசல்ல நிண்டு கேக்கிறவையை இல்லையெண்டு அனுப்புறதே? உன்ர கூட்டாளி ஆரோ எண்டு நினைச்சன். சோறு கிடக்கு, போட்டுச் சாப்பிடு.”

வைத்துவிட்டார்.

கீர்த்தனன் போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன. இனி எந்தப் போனாலும் பெட்டியை எட்ட முடியாது.

திரும்பி வந்து பார்த்தான்.

இடம் குறைந்துகொண்டே இருந்தது.

‘நீக்கு’ என்பதை அழுத்தினான். பெயரில்லாத போன் பட்டியலை விட்டுப் போனது. இடம் குறைவது நின்றது. நகலெடுப்பு நாற்பது வீதம். அவனுக்கு மூச்சு வந்தது.

பிறகு, அம்மாவின் போனுக்குப் போக வழியில்லாமல், திரையின் நடுவிலேயே ஒரு கேள்வி வந்தது.

‘ஒரு போன் சேர விரும்புகிறது. அனுமதிக்கவா?’

கேள்வி வந்ததும் நகலெடுப்பு நின்றது. பதில் சொல்லாமல் நகராது.

‘இல்லை’ என்று அழுத்தினான்.

டொக். டொக்.

முன்கதவு.

பார்சல்காரனாக இருக்கும்... எட்டிப் பார்த்தான். கதவுக் கண்ணாடியில் தெருவிளக்கின் மஞ்சள். ஆளின் நிழல் இல்லை.

அறுபது வீதம். மறுபடி கேள்வி.

‘இல்லை.’

டொக். டொக்.

இந்த முறை தலைக்கு மேல். படிக்கட்டில்.

கை தன்பாட்டில் நீண்டு சாமியறைக் கதவை இழுத்துச் சாத்தியது. அவனுடைய போன் அதிர்ந்தது, லோயர் அலுவலகத்து நம்பர். பெர்னடெற்.

“தம்பி, லோயர் வெளிக்கிடக் கோட் போட்டிட்டார்.”

“வாறன் அக்கா. கொஞ்ச நேரம்.”

“ஏன் ரகசியமாக் கதைக்கிறீர்?”

“சும்மா.”

மறுபடி கேள்வி. ‘இல்லை.’

டொக். டொக். படிக்கட்டின் கீழ்ப்படி.

மறுமுனையில் பெர்னடெற்றுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். பிறகு, மிகவும் மெதுவாக...

“திறந்திடாதையும், தம்பி.”

தொடர்பு அறுந்தது.

எண்பத்தெட்டு. தொண்ணூறு.

விசிறிச் சத்தம் மட்டும்.

தொண்ணூற்றேழு.

கேள்வி.

‘இல்லை.’

டொக்.

சாமியறைக் கதவு. உட்கார்ந்திருந்தவனின் காது எங்கே இருந்ததோ, அதே உயரத்தில்.

டொக்.

மெதுவாக. மரியாதையாக.

தொண்ணூற்றொன்பது...

நூறு.

ஸ்டிக்கைப் பிடுங்கினான். கதவைத் தள்ளினான். கண்ணைத் திறக்காமலே ஓடினான். தெரு மூலைக்கு வந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது.

டூட்டிங்கில் அவன் ஏறிப் போனபோது லோயர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஸ்டிக்கை வாங்கினார். காலைப் பார்த்தார். அகதி வழக்குப் பார்க்கிறவர், இதைவிட எவ்வளவோ பார்த்திருப்பார்.

படங்கள் எல்லாம் இருந்தன. பிறகு வழக்கும் பெர்னடெற்றின் பக்கம் தீர்ந்தது.

அந்த வியாழனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, கீர்த்தனன் பெட்டியைத் திறந்து பார்த்தான். பெயரில்லாத போனை நீக்கினாலும் அது கொண்டுவந்து கொட்டியவை அப்படியே கிடந்தன. எல்லாம் படங்கள். எல்லாம் கதவுகள். பூட்டிய கதவுகள், வெளியே நின்று எடுத்தவை.

பின்னால் நின்ற பெர்னடெற் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“இது வவுனியா. இது கொழும்பு லொட்ஜ். இது பிரான்ஸ். இது ஈஸ்ட்ஹாம். நான் இருந்த வீடுகள்.”

அடுத்து மோர்டன் வீட்டு முன்கதவு. அதில் மட்டும் நூற்றுக்கு மேல். பகலில், மழையில், இருட்டில்.

கடைசிப் படமும் அதே கதவுதான். வியாழன் காலை. உள்ளே நின்று எடுத்தது.

பெர்னடெற் திடுக்கிடவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“போற வீடெல்லாம் பின்னால வந்து தட்டும். ஒரு வீட்டிலயும் நான் இதை உள்ள விடேல்ல,” என்றார்.

மார்ச்சில் அவர் ஹவுன்ஸ்லோவுக்கு வீடு மாறிப் போனார். போன கிழமை கீர்த்தனனுக்கு அழைத்திருந்தார். குரல் தெளிந்து, சிரித்துச் சிரித்துக் கதைத்தார்.

“இஞ்ச நல்ல நித்திரை, தம்பி. பத்து வருசத்துக்குப் பிறகு. ஒருத்தரும் வந்து தட்டுறேல்ல.”