பித்தளைக் குமிழ்

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். என் கணவரே பாதிதான் நம்புகிறார். ஆனால் போலீசிடம் நான் சொன்னதும் இதுதான். ஒரு சொல் கூடக் கூட்டவில்லை.

என் பெயர் ரூபினி. பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே பழைய வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்ப்பேன். போன நவம்பரில் மேல்மாடி மோகனராஜ் அண்ணன் ஒன்றைக் கொண்டுவந்தார். மனைவியை இழந்து தனியாக இருப்பவர். ரேடியோவைப் போர்வையில் சுற்றி, ரப்பர் கையுறை போட்டுத் தூக்கி வந்தார். அழுக்காம். சூலியா தெருவில் காப்பிக் கடை திறக்கும் ஒருவர் விலைக்குக் கேட்கிறார், பாட வைத்தால் போதும் என்றார்.

அடுத்த ஞாயிறு, மதியம் மூன்று மணி. நல்ல மழை. வீட்டில் நான் மட்டும். சுவர் சுவிட்சைத் தட்டினேன். பாட்டு வரவில்லை. ‘ம்ம்ம்...’ என்று ஓர் இரைச்சல் மட்டும். வழக்கமான கோளாறுதான். மின்சாரத்தைச் சீராக்கும் கப்பாசிட்டர்கள் கெட்டுப்போனால் இப்படித்தான் இரையும்.

பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஆளையே கொல்லும். அதை வடித்துவிட்டு மீட்டர் வைத்தேன். பூஜ்யம்.

குறுக்கே கிடந்த கம்பிகளை ஒதுக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். முப்பது வோல்ட்.

கொஞ்சம் மீளும், அது இயல்பு. மறுபடி வடித்தேன். பூஜ்யம்.

நூறு... நூற்றறுபது... இருநூற்று நாற்பதில் நின்றது. சுவரில் வரும் அதே அளவு.

பிளக் என் காலடியில் கிடந்தது.

இரண்டு கப்பாசிட்டர்களையும் வெட்டி எடுத்து மேசையில் வைத்தேன். இனி மின்சாரம் தேங்க இடமே இல்லை.

‘ம்ம்ம்...’

ஸ்பீக்கரிலிருந்துதான்.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஒரு வயர், மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து நேராக முன்பக்கத்துப் பித்தளைக் குமிழுக்குப் போயிருந்தது. கம்பெனி போட்டதல்ல. யாரோ பிற்பாடு ஈயம் வைத்து ஒட்டியது. ரேடியோ ஓடும்போது சத்தத்தைக் கூட்டக் குமிழைத் தொட்டால்... அவ்வளவுதான்.

“யாரு இப்படிப் பண்ணது?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

இரைச்சல் சட்டென்று நின்றது.

வயரை வெட்டினேன். அண்ணனுக்குப் போன் போட்டேன். உள்ளே ஒரு வயர் தப்பாக இருந்தது, வெட்டிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

“குமிழுக்குப் போறதா?” என்றார்.

எந்த வயர் என்று நான் சொல்லவேயில்லை.

உடனே இறங்கி வந்தார். பிளக் இல்லாமலே மின்சாரம் காட்டுகிறது, தொடாதீர்கள் என்றேன். சிரித்தார்.

“பிளக்கும் இல்ல, வயரும் இல்லலா. இனிமே என்ன பண்ணும்?”

வலது கையைக் குமிழில் வைத்தார்.

ரேடியோவின் விளக்கு எரிந்தது.

அவர் கத்தவில்லை. வாய் திறந்தபடி விறைத்து நின்றார். நான் ஓடிப்போய் வீட்டு மெயினையே அணைத்தேன். மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது.

ரேடியோ நிற்கவில்லை.

‘ம்ம்ம்...’

இப்போது அது இரைச்சல் இல்லை. ஒரு பெண். வாய் மூடி, அவசரமே இல்லாமல், ஒரு மெட்டை முனகினாள்.

முழுதாக.

முடித்தாள். விளக்கு அணைந்தது.

அப்புறம்தான் அவர் விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

துக்க வீட்டில் அவருடைய தங்கை சுபாஷினி அக்கா சொல்லித்தான் தெரியும். அண்ணி கோகிலவாணி ஒன்பது வருடம் முன்பு இதே ரேடியோவைத் தொட்டபடிதான் இறந்தாராம். ஈரக் கையோடு தொட்டுவிட்டாள் என்று அண்ணன் சொன்னதை எல்லோரும் நம்பினார்களாம்.

பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்.

“ரூபினி, அண்ணனோட இடது கைய நீயா பிடிச்சிருந்த? டாக்டர் கேட்டாரு.”

நான் அவரைத் தொடவே இல்லை.

இடது மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள் தீய்ந்து பதிந்திருந்தனவாம். சின்னக் கை. மோதிர விரலில், மோதிரத்தின் தடம்கூடத் தெளிவாக இருந்ததாம்.