ஐஸ் உருகும் முன் திருவனந்தபுரம்

போன மாதம், ஏழாம் மாத வயிற்றோடு, தோவாளையிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தனியாகப் போய்வந்தேன். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிப் பிச்சிப்பூத் தோட்டம். பூச்சிமருந்து அடித்தால் சமையலறை வரை நெடி வரும், தலை சுற்றும். "பயந்துக்கிட்டே இருக்காம அளந்து பாத்திருவோம்" என்றார் என் டாக்டர். காலையில் முதலில் போகும் சிறுநீரை ஐஸ் பெட்டியில் வைத்து, குளிர் போகாமல் திருவனந்தபுரத்து ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கணவர் மஸ்கட்டில். நானே கிளம்பினேன்.

காலை ஆறரைக்கு ஆட்டோ. கிடைத்தது செல்லப்பன் அண்ணன் வண்டிதான். பக்கத்துத் தோட்டமும் அவருடையதுதான்.

"பெட்டில என்னது மக்கா?"

மழுப்பியிருக்கலாம். "மூத்திரம்ண்ணே. பூவுக்கு அடிக்குற மருந்து என் உடம்புல ஏறியிருக்கான்னு பாக்கணும்."

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம் சுமார் பத்து கிலோமீட்டர். நான் இறங்கும்போது அண்ணன், "எம்மேல கேசு குடுக்கப் போறியா?" என்றார்.

"இல்லண்ணே. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அங்கிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ஆனால் தக்கலை தாண்டியதும் லாரி ஒன்று கவிழ்ந்து, வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. வெயில் ஏறியது. பெட்டியின் அடியில் கை வைத்தேன், ஈரம். திறந்து பார்த்தால் இருக்கிற குளிரும் போய்விடும். கண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஐஸ் தேடி இறங்க எழுந்தேன்.

"இந்த வயித்தோட எங்க எறங்குக? இரிம்மா" என்று அதட்டியவர், பின்னால் நின்ற மீன் வண்டியிலிருந்து ஒரு பை நிறைய ஐஸ் வாங்கி வந்து பெட்டியைச் சுற்றி அடுக்கினார். பஸ் முழுக்க மீன் வாடை. யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆய்வகத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. மருந்தின் சுவடு இருந்தது. "உள்ள போயிருக்குன்னு மட்டுந்தான் இது சொல்லும். பிள்ளைக்கு என்ன ஆகும்னு சொல்லாது. இனிமே போகாம பாத்துக்கிடணும்" என்றார் டாக்டர். பிரசவம் வரை இருக்கலாமென்று அருமனையில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். பயம் தீரவில்லை, ஆனால் என்ன செய்வது என்று தெரிகிறது.

போகிறவர்களுக்கு: ஆய்வகத்துக்கு முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். எல்லா இடத்திலும் இந்தச் சோதனை கிடையாது. ஐஸ் இரண்டு மடங்கு வையுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

இதையெல்லாம் நேற்றே ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். செல்லப்பன் அண்ணன் போன் செய்திருந்தார். முடிவைக் கேட்டார், சொன்னேன்.

"அந்த எடத்துக்கு எப்பிடிப் போணும் மக்கா? எம் மருமவளுக்கு இப்ப மூணு மாசம். தோட்டத்துல மொட்டு பறிக்கது அவதான்."