பேரன் ஆல்பத்தில் என் மண்ணெண்ணெய் டின்

மரக்காணத்தில் மாடி வீடு, இரண்டு லாரி, ஒரு ஐஸ் கம்பெனி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைகள். இத்தனையும் மூன்றாம் வகுப்பு தாண்டாத நான் கட்டியவை. உப்புக் கிடங்கும் என்னுடையதுதான். அதற்குள்தான் என் பேரன் சேக்காளிகளோடு சேர்ந்து பவர் மெட்டல் என்கிறார்களே, அந்தப் பாட்டுக்குழுவை நடத்துகிறான். டிரம்ஸ் அவன்.

இன்னும் வெளிவராத ஆல்பத்தைப் போன வாரம் எனக்குப் போட்டுக் காட்டினான். பாடுகிறவன் குரல் பனைமரம் ஏறுவது போல ஏறிக்கொண்டே போகிறது. இறங்குகிற எண்ணமே இல்லை. கிடார் இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன. வாளும் நெருப்புமாக இங்கிலீஷில் ஏதோ போர் நடக்கிறதாம். மருமகள் தலைவலி மாத்திரை தேடிப் போய்விட்டாள். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் ஓட ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் தாளம்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். உப்புப் பாத்தியில் தண்ணீர் விடும் முன் ஈரத் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பில் சேறு ஏறும். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை வரிசையாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறி மண் காய்ந்துவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஆனால் கால்கள் ஓய்ந்துவிட்டன. வரப்பில் கிடந்த மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து, குச்சியால் தட்டினேன். முதலில் அவர்கள் காலுக்குத் தட்டினேன். பிறகு என் தட்டுக்கு அவர்கள் கால் வந்தது. வேகத்தை இரட்டிப்பாக்கினேன்.

"டேய், மெதுவாடா. காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார் சித்தப்பா.

"உன் பேச்ச உன் பொண்டாட்டியே கேக்கல, காலா கேக்கப் போவுது?" என்றாள் அத்தை, மிதிப்பதை நிறுத்தாமல்.

வெயில் ஏறுமுன் பாத்தி முடிந்தது. வரப்பில் நின்று பார்த்த முதலாளி, "ஏம்பா, நாளையிலருந்து இவனையும் கூட்டிட்டு வா" என்றார். அப்பா தலையாட்டினார். கால் கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானோ பெரிய மனிதனாகிவிட்டதாகக் குதித்தேன். மறுநாள் பள்ளிக்கூட மணி அடித்தபோது டின்னோடு வரப்பில் நின்றிருந்தேன். இனி அந்த மணி எனக்காக அடிக்காது என்பது அப்போது தெரியவில்லை.

நான் சாப்பாட்டு மேசையில் தட்டுவதைக் கேட்டே வளர்ந்தவன் பேரன். அதே ஓட்டம்தான் அவன் கையில் வந்திருக்கிறது. சொன்னால், "நீங்க ரெக்கார்டிங்லயே இல்லியே தாத்தா" என்கிறான். இல்லாவிட்டால் என்ன? ஆல்பத்தின் அட்டை அச்சுக்குப் போகும் முன், மூன்றாவது பாட்டுக்குக் கீழே தாளம் என்று போட்டு என் பெயரைச் சேர்க்க வேண்டும். இனிஷியலோடு. அது என் அப்பாவுடையது.